நீளக்கை எண்ணெய்

மனிதர்களை அவர்கள் குடித்துவிட்டு வைக்கும் டம்ளரைப் பார்த்து எடை போடுவது கண்ணாடியக்காவின் வழக்கம். இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துவருகிறாள். தேறியவர்கள் நாலைந்து பேர்கூட இல்லை. துறைத்தலைவர் வைக்கும் டம்ளரில் உதட்டுத் தடம், விரல் தடம், போதாததற்கு மூக்கு நுனியின் தடமும் இருக்கும். இத்தனை படித்தும் ஒரு டம்ளரைப் பிடிக்கத் தெரியவில்லையே, இந்த ஆள் எதைக் கண்டுபிடித்து யாருக்கு ஆகப்போகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். சில நாள் வாய்விட்டும் சொல்லிவிடுவாள். அவளைத் தட்டிக் கேட்க அந்த மாடியில் யாருக்கும் தைரியம் கிடையாது.

செடிகளை ஆராயும் கூடத்தின் மூன்றாம் மாடியில், கோடி அறையில், கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது அவள் வேலை. அதனால்தான் கண்ணாடியக்கா. ஒரு குடுவைக்கு ஏழு கழுவல். வெந்நீரும் சோப்பும் ஒன்று, குழாய்த் தண்ணீர் மூன்று, மேல்மாடியில் காய்ச்சி வடித்துக் கீழே இறங்குகிற சுத்தத் தண்ணீர் மூன்று. பிறகு சூளை மாதிரி அடுப்புக்குள் வைத்துச் சுட்டெடுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணாடி இருப்பதே கண்ணுக்குத் தெரியக்கூடாது.

கழுவுவதோடு கஞ்சி காய்ச்சுவதும் அவள்தான். கஞ்சி என்பது அவள் வைத்த பெயர். சர்க்கரை, ஏழெட்டு வகை உப்பு, துளி வைட்டமின், எல்லாவற்றையும் அதே சுத்தத் தண்ணீரில் கரைத்து, ஆட்டோகிளேவ் என்கிற ராட்சத பிரஷர் குக்கரில் வேகவைத்து ஆறவைத்தால் கஞ்சி. அதைக் குடித்துக்கொண்டு குடுவைகளுக்குள் கேரட் செல்கள் வளரும். வேர் கிடையாது, இலை கிடையாது, தாம் கேரட் என்கிற ஞாபகமும் கிடையாது. ஷேக்கர் மேசை ராவும் பகலும் ஆட்டிக்கொண்டிருக்க, மாவு கரைத்த தண்ணீர் மாதிரி வெளிறிய மஞ்சளாக அலைந்துகொண்டிருக்கும். "வேலை வெட்டி இல்லாம மூணு வேளையும் தின்னுட்டு ஆடிக்கிட்டிருக்கிற ஜென்மங்க" என்பாள். ஆனால் காலையில் வந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அவற்றைத்தான். நிறம் பழுப்புத் தட்டியிருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த அறைக்குள் பிளாஸ்டிக் நுழையக்கூடாது. சீப்பு, பை, பேனா, சாப்பாட்டு டப்பா, கையுறை எதுவும் ஆகாது. வாசனைத் தைலம், முகக் களிம்பு பூசியவர்களும் வாசலோடு நிற்க வேண்டியதுதான். பிளாஸ்டிக்கை வளையவைக்கிற எண்ணெயைச் செடியின் செல் எப்படி அறுத்துத் தின்கிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. அந்த எண்ணெயோ பொல்லாதது. பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்து விரலுக்கு வரும், விரலிலிருந்து குடுவைக்குப் போகும், மண்ணில் விழுந்தால் வருஷக்கணக்கில் கிடக்கும். "கையைக் கழுவிட்டு வாங்க" என்று வாசலில் நின்று துறைத்தலைவரையே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

ஆராய்ச்சியைச் செய்வது ஒரு பெண். நாலாம் வருஷம் என்று பெயர். முனைவர் பட்டத்துக்கு நாலாம் வருஷத்தில் இருப்பதாக அவள் சொல்ல ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. பயந்த சுபாவம். ஒருநாள் குடுவையை ஆட்டிக்கொண்டே அவள்தான் அக்காவுக்கு விளக்கினாள்.

"இந்த எண்ணெய்க்கு நடுவுல ஒரு வளையம்க்கா. வளையத்துல ரெண்டு கை. ஒரு ரகத்துல கை குட்டை, இன்னொரு ரகத்துல நீளம். செல்லுக்குள்ள கத்திரி மாதிரி ஒரு சாமான் இருக்கு. அது முதல்ல ஒரு கையை வெட்டும். அப்புறம் இன்னொரு கை. மிச்சம் வளையம்தான்."

"அதையும் தின்னுடுமா?"

"கொஞ்சத்தைத் தின்னு மூச்சா விட்டுடும். முடியாததை ஒரு சர்க்கரையோட ஒட்டி, உள்ள ஒரு தண்ணிப்பை இருக்கு, அதுல போட்டுப் பூட்டிக்கும்."

"வெளியே தள்ளாதா?"

"செடிக்கு ஏதுக்கா கொல்லைப்புறம்? எல்லாத்தையும் உள்ளதான் வெச்சுக்கணும்."

"அப்படின்னா எங்க வீட்டுக்காரரேதான்" என்றாள் அக்கா. "யார் என்ன திட்டினாலும் சர்க்கரையைத் தடவி உள்ள போட்டுக்குவார்."

அவள் வீட்டுக்காரர் ரப்பர் குழாய் போல வளைகிற பிளாஸ்டிக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் எண்ணெய் கலக்கிறவர். வெள்ளை மாவைப் பெரிய கலவை உருளையில் கொட்டி, பீப்பாயிலிருந்து எண்ணெய் ஊற்றிச் சூடாக்கிச் சுழற்ற வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால் குழாய் கழியாக விறைத்து நிற்கும். இருபத்தாறு வருஷமாக எண்ணெய் ஊற்றி ஊற்றி மனிதரும் வளைகிற பதத்துக்கு வந்துவிட்டார். முதலாளி 'மாடே' என்றால் சிரிப்பார். 'எருமை மாடே' என்றால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார். இந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அக்காவுக்கு முடி நரைத்தது.

அவர் வேலை முடிந்து வந்தால் நேரே பின்கட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கேயே குளியல், அங்கேயே உடுப்பு மாற்றல். அவர் துணிக்குத் தனி வாளி, தனிச் சோப்பு, தனிக் கொடி. அக்கா வேலைக்குக் கிளம்பும்போது ஒரு புடவை. ஆராய்ச்சிக்கூடம் போனதும் அதை மாற்றிக்கொண்டு கூடத்திலேயே துவைத்துக் கூடத்திலேயே காய்ந்த பருத்தி உடுப்பு. ஒரே வீட்டில் அவர் ஊற்றுகிறவர், இவள் அளக்கிற இடத்தில் இருக்கிறவள். இரண்டுக்கும் நடுவே ஒரு சொட்டுக்கூடக் கடந்ததில்லை என்பதுதான் அவள் பெருமை. நகை நட்டு எதிலும் அவளுக்கு நாட்டம் கிடையாது. கை சுத்தம் என்கிற பேர் ஒன்றுதான் அவளுடைய சொத்து.

அதில்தான் கைவைத்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். வெளியே வானம் மூன்று நாளாகக் கறுத்துக்கொண்டு பெய்யாமல் புழுக்கிக்கொண்டிருந்தது. துறைத்தலைவர் அறைவாசலில் வந்து நின்றார். பொய் சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவது அவர் பழக்கம். அதனால் மாடி முழுக்க அவருக்குக் கனைப்பு என்றுதான் பெயர். அன்றைக்கு மூன்று தரம் கனைத்தார்.

"இங்க பாரும்மா. ப்ளாங்க் எல்லாம் கெட்டுப்போயிருக்கு."

ப்ளாங்க் என்பது எண்ணெயே சேர்க்காத, வெறும் கஞ்சி மட்டும் உள்ள குடுவை. அதில் எண்ணெய் காட்டக்கூடாது. ஒரு மாதமாகக் காட்டுகிறது.

"நாம ஆராய்ச்சிக்கு வாங்கறது குட்டைக்கை எண்ணெய். ப்ளாங்க்ல வர்றது நீளக்கை எண்ணெய். அதை இந்தக் கட்டடத்துலயே நாம வாங்கினதில்ல. க்கும். உன் வீட்டுக்காரர் எங்கம்மா வேலை செய்யறார்?"

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த குடுவையைப் பத்திரமாகக் கீழே வைத்தாள். கோபத்திலும் அவள் கண்ணாடியை உடைக்கிறவள் இல்லை.

"என் கைலேர்ந்து போச்சுன்னு சொல்றீங்களா சார்?"

"நான் சொல்லல. கிராஃப் சொல்லுது. கையைக் காட்டு."

பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நாலாம் வருஷம் கரைப்பானில் நனைத்த பஞ்சால் அக்காவின் பத்து விரலையும் துடைத்துச் சின்னக் குப்பியில் போட்டாள். "முடிவு தெரியற வரைக்கும் நீ வீட்ல இரு" என்றார் கனைப்பு. இருபத்திரண்டு வருஷமும் நீதான். ஒருநாளும் நீங்க ஆனதில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அக்கா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். கண்ணீர் வரவில்லை. இந்த மூஞ்சிகளுக்காக அழுவது கண்ணீருக்கே அவமானம் என்று நினைத்தாள். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அப்படித் தன்னையே மோந்து பார்க்கவைத்துவிட்டார்களே என்பதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

வீட்டில் பத்து நாள். இருக்கிற பாத்திரத்தையெல்லாம் மூன்று தரம் விளக்கினாள். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். புழுக்கத்தில் சுவரெல்லாம் வேர்த்தது. வீட்டுக்காரர் வழக்கத்தைவிடப் பணிவாக இருந்தார். கேட்காமலே தண்ணீர் பிடித்து வைத்தார். அவித்த முட்டையை உரித்துக் கொடுத்தார். முட்டையில் அவருக்குப் பாதி, இவளுக்குப் பாதி என்பதை மாற்றி முழுசையும் இவள் தட்டில் வைத்தார்.

"என்ன உபசாரம் பலமா இருக்கு?"

"சும்மாதான்."

"போய் அந்தக் கனைப்பை ரெண்டு வார்த்தை கேக்கத் துப்பில்ல. முட்டை உரிக்க வந்துட்டார்."

அவர் சிரித்தார். அதே சிரிப்பு. அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனாள். பரிதாபப்படுகிறாராம். இந்த மனிதரின் பரிதாபத்தை உப்புப் போட்டு நக்கக்கூட முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணி வாக்கில் நாலாம் வருஷம் வாசலில் வந்து நின்றாள். வீட்டுக்காரர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். கத்தியின் சர் சர் சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

"உக்காரு" என்றாள் அக்கா. "என் கைல எத்தனை பீப்பா எண்ணெய் இருந்துச்சாம்?"

அந்தப் பெண் உட்காரவில்லை. "உங்க கைல ஒண்ணுமே இல்லக்கா."

"என்னது?"

"அன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சுடுச்சு. ஒத்துப்பாக்கறதுக்காக எல்லார் கையையும் துடைச்சு மெஷின்ல ஓட்டினேன். உங்க கைதான் சுத்தம். சாரோட கைல மூணு ரகம் இருந்துச்சு. அவர் பூசற களிம்பு, தைலம் எல்லாம். சார் அதை எழுதவேணாம்னுட்டார்."

"நீயும் எழுதல."

"எழுதியிருக்கேன். நோட்டுல இருக்கு. வெளியே சொல்லல." அவள் அழ ஆரம்பித்தாள். "பட்டம் அவர் கையெழுத்துல இருக்குக்கா."

"அழாத. கேக்கச் சகிக்கல. பத்து நாள் கழிச்சு இன்னைக்கு என்னத்துக்கு வந்த?"

வந்த காரணம் இதுதான். மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்காரருடைய குழாய்த் தொழிற்சாலை முதலாளி வருகிறார். அவருடைய தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடும் வடிகாலில் எண்ணெய் மிதக்கிறது என்று சுற்றியுள்ளவர்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் புகார் கொடுத்திருக்கிறார்கள். வடிகால் ஓரமாகச் செடி நட்டுவிட்டால் செடி எண்ணெயைத் தின்றுவிடும் என்று ஒரு அறிக்கை அவருக்கு வேண்டும். அதற்காகத்தான் பெயர்ப்பலகை அடித்த புது ஷேக்கர் மேசையை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அறிக்கையும் தயார். குட்டைக்கை எண்ணெயின் கையைச் செல்கள் நாலே நாளில் வெட்டித் தள்ளிவிட்டன என்று படத்தோடு போட்டாயிற்று.

"நல்ல சேதிதானே?"

"அவர் தொழிற்சாலைல ஊத்தறது நீளக்கைக்கா. குட்டைக்கை சுலபமா அறுபடும், கிராஃப் அழகா வரும்னுதான் சார் அதை எடுத்தார். ஆனா ப்ளாங்க் கெட்டுப்போனதால, எண்ணெய் ஊத்தின குடுவையிலயும் கஞ்சியோட நீளக்கை கலந்துடுச்சு. பதினாலு நாள் ஓட்டினேன். குட்டைக்கை காலி. நீளக்கை முக்கால்வாசி அப்படியே இருக்கு. செல்லால முடியல."

அக்கா மெதுவாகத் தலையாட்டினாள். கேட்காத கேள்விக்குத் தப்பு ஒன்று தானாக வந்து பதில் சொல்லியிருக்கிறது. அதை மறைக்க ஒரு ஆள் வேண்டும். கழுவுகிறவள் கை அழுக்கு என்று சொல்லிவிட்டால் அந்தக் கணக்கையே தள்ளிவிடலாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"ஊழியர் கவனக்குறைவால் வந்த அசுத்தம்னு எழுதியிருக்கார். நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும்."

"போடு. வலிக்கவா போகுது?"

"நீங்க வராத பத்து நாளும் ப்ளாங்க் கெட்டுத்தான் இருக்குக்கா. அதுலயும் திங்கக்கிழமை கஞ்சிதான் ரொம்ப மோசம். எனக்குக் காரணம் புரியல."

சனி ஞாயிறு கூடம் பூட்டியிருக்கும். அக்கா காய்ச்சிய கஞ்சிகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் திரும்பக் காய்ச்சிப் பார்த்தாள். சர்க்கரை பீங்கான் ஜாடி. உப்பு கண்ணாடிக் குப்பி. கரண்டி எஃகு. மிச்சம் தண்ணீர்.

"என் கைலேர்ந்து வந்தா திங்கக்கிழமைதான் கம்மியா இருக்கணும், லூசுப்பொண்ணே. ரெண்டு நாள் சும்மா கிடக்கறது என்ன அங்க? தண்ணிதான். மேல்மாடிலேர்ந்து வர்ற குழாய்க்குள்ளயே தேங்கிக் கிடக்கும். ஆனா அது கண்ணாடிக் குழாயாச்சே."

"இல்லக்கா. அது உடைஞ்சு போச்சு. போன மாசம் உங்களுக்குக் காய்ச்சல்னு ஒரு வாரம் வரலையே, அப்ப. முதலாளி ஒரு சுருள் ட்யூப் அனுப்பினார். கூரைத் தட்டிக்கு உள்ளயே தொழிற்சாலை ஆள் ஒருத்தர் வந்து மாட்டிட்டுப் போனாராம். வெளியே தெரியாது."

சமையலறையில் சர் சர் சத்தம் நின்றுவிட்டது.

அக்கா எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள். அவர் பாதி சீவிய கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது போதும்.

"யாருங்க அந்த ஆளு?"

அவர் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"நான்தான்" என்றார் கிழங்கிடம். "முதலாளி கொண்டுபோய் மாட்டிட்டு வரச்சொன்னார். நீ காய்ச்சல்ல கிடந்த. உங்கிட்ட ஒண்ணும் சொல்லவேணாம்னார். அன்பளிப்பு விஷயம், பெரியவங்க பாத்துக்குவாங்கன்னார்."

"என்னை வீட்டுக்கு அனுப்பினாங்களே, அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"சந்தேகமா இருந்துச்சு."

"சந்தேகம்." அவள் அந்த வார்த்தையை அப்படியே தரையில் போட்டுவிட்டாள். "பத்து நாள் முட்டையை உரிச்சு உரிச்சுக் கொடுத்தீங்களே, அது சந்தேகத்துக்கா? அந்தக் கேரட்டுக்கு மூளை கிடையாது, வாய் கிடையாது. அதுகூட நாலு நாள்ல ஒரு கையையாவது வெட்டுது. உங்களுக்கு வாய் இருக்கு. எதுக்கு? சிரிக்கறதுக்கு!"

"வேலை போயிடும்னு..."

"என் பேர் போச்சே, அது உங்க கணக்குல வரலையா? ஊரான் கைல பேர் கெட்டா துடைச்சுக்கலாம். இது நம்ம வீட்டுக்குள்ளயே பூட்டிவெச்ச அழுக்கு."

நாலாம் வருஷம் கூடத்தில் நெளிந்துகொண்டு நின்றாள். அக்கா திரும்பி, "காலைல ஏழு மணிக்கு வா. ரெண்டு கண்ணாடிப் பாட்டில் சுட்டு வை. பயந்துக்கிட்டு வராம இருந்தியோ, அப்புறம் உன் மூஞ்சிலயே முழிக்கமாட்டேன்" என்றாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் கிழங்கு வெந்தது. ஒருவரும் ஒருவரோடு பேசவில்லை.

விடிந்தபோது அவர் வழக்கம்போல் ஆறு மணிக்கே வேலைக்குப் போயிருந்தார். போகட்டும், பீப்பாயைக் கட்டிக்கொண்டு சாகட்டும் என்று அவளும் கிளம்பினாள். காவல்காரர் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கதவைத் திறப்பதே அவள்தான்.

நாலாம் வருஷம் வந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தாலும் வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து குழாயில் கிடந்த தண்ணீரை முதல் பாட்டிலில் பிடித்தார்கள். பிறகு அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு, புதுத் தண்ணீரை இரண்டாவது பாட்டிலில் பிடித்தார்கள். இரண்டையும் அக்கா தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரைத் தட்டியைத் தள்ளிப் பார்த்தாள். இருட்டில் தடித்த புழுவாட்டம் நெளிந்து கிடந்தது. தெளிவான, வழவழப்பான, நல்ல தரமான குழாய். வீட்டுக்காரர் கைப்பதம் அவளுக்குத் தெரியாதா என்ன.

பத்தரைக்குக் கனைப்பும் முதலாளியும் சேர்ந்து வந்தார்கள். முதலாளிக்கு முன்னால் அவருடைய தைல வாசனை வந்தது. அதற்குள் இரண்டு தண்ணீரையும் மெஷினில் ஓட்டி எடுத்த இரண்டு கிராஃப் தாள் மேசைமேல் இருந்தது. முதல் பாட்டிலின் நீளக்கைக் கோடு தாளின் உச்சியைத் தொட்டது. இரண்டாவது முழங்கால் உயரம்கூட இல்லை. நாலாம் வருஷம் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள். பதினாலு நாள் கணக்கையும் சொன்னாள். அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லும்போது மட்டும் திக்கவில்லை.

"க்கும்" என்றார் கனைப்பு. "தண்ணி பிடிக்கும்போது இந்தம்மா பக்கத்துல இருந்திருக்கு. இதை எப்படி நம்பறது?"

"எங்க ட்யூப்ல அந்த எண்ணெயே கிடையாது" என்றார் முதலாளி. "பச்சைப்புள்ள வாயில வெக்கலாம். அவ்வளவு சுத்தம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவர்கள் சோறே இல்லாமல் மறைக்கிறார்களே என்று அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாலும் அவளுடைய வார்த்தைக்கு அங்கே எடை கிடையாது என்பதும் தெரிந்தது.

அப்போதுதான் வாசலில் எண்ணெய் வாசனை வந்தது. முதலில் அதை மோந்தது அவள்தான்.

வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வேலை உடுப்போடு, முழங்கை வரைக்கும் மாவும் எண்ணெயுமாக, பாதி ஷிஃப்டில் எழுந்து நடந்து வந்திருக்கிறார். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு விரல்கூட வைக்கவில்லை. இந்த அறையின் சட்டம் அவருக்கும் தெரியும்.

"நீ எங்கடா இங்க?" என்றார் முதலாளி.

அவர் வழக்கம்போல் சிரிக்கப்போகிறார் என்று அக்கா நினைத்தாள். சிரிக்கவில்லை.

"அந்தக் குழாயை நான்தான் மாட்டினேங்க" என்றார் கனைப்பைப் பார்த்து. "அதுக்கு மாவு கலந்ததும் நான்தான். நூறு கிலோ மாவுக்கு அம்பது கிலோ எண்ணெய். நீலப் பீப்பா எண்ணெய். எங்க கொட்டாய்ல வேற எண்ணெயே கிடையாது." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பீப்பாயிலிருந்து உரித்த தாள், ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. "பேர் இதுல போட்டிருக்கு. எனக்கு வாசிக்க வராது. அந்தப் பொண்ணு வாசிக்கட்டும்."

நாலாம் வருஷம் தாளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "நீளக்கைதான்" என்றாள்.

முதலாளியின் முகம் கோணிக்கொண்டு போனது. "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வரவேணாம்!"

"இன்னைக்கே வரலைங்க" என்றார் அவர். குரல் ஒன்றும் உயரவில்லை.

கனைப்பு கனைத்துப் பார்த்தார். தொண்டை ஒத்துழைக்கவில்லை. முதலாளி ஷேக்கர் மேசையில் தன் பெயர்ப்பலகையை ஒருதரம் பார்த்துவிட்டு, அறிக்கையை எடுத்துக்கொள்ளாமலே படி இறங்கிப் போனார். பக்கத்து அறைத் தலைகள் மறுபடி எட்டிப் பார்த்தன. அன்றைக்கு எட்டிப் பார்த்த அதே தலைகள்.

"சரிம்மா. நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்றார் கனைப்பு.

"அதெப்படி சார்? முடிவு தெரியற வரைக்கும்னீங்களே. முடிவைச் சொல்லுங்க. அன்னைக்கு இவங்க எல்லார் முன்னாலயும்தானே என் கையைத் துடைச்சீங்க." நாலாம் வருஷத்தின் நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைக்கச் சொன்னாள். "வாசிங்க. சத்தமா."

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கண்ணாடி கழுவுபவர். இரண்டு கை. எண்ணெய் எதுவும் இல்லை."

"சரியாக் காதுல விழல."

"எண்ணெய் எதுவும் இல்லை."

அடுத்த வரி அவருடைய சொந்தக் கையைப் பற்றியது. அவர் கண் அதில் விழுந்து நின்றது. "அது வேணாம் சார்" என்றாள் அக்கா. "அதையும் வாசிக்கச் சொல்ற அளவுக்கு நான் உங்களை மதிக்கல."

பிறகு ஸ்டூல்மேல் ஏறி, அந்தக் குழாயை இரண்டு முனையிலும் அறுத்து, சுருட்டி, துறைத்தலைவர் அறை வாசலில் கொண்டுபோய்ப் போட்டாள். திரும்பி வந்து முழங்கை வரைக்கும் மூன்று தரம் கை கழுவினாள். வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரரைப் பார்த்து, "வீட்டுக்குப் போய்ப் பின்கட்டுல குளிங்க" என்று மட்டும் சொன்னாள். கழுவும் தொட்டியில் பத்து நாள் குடுவை மலையாகக் குவிந்து கிடந்தது.

சாயங்காலம் அவள் பஸ் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் தேக்கிவைத்ததையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது. பின்கட்டில் கூரை விளிம்புத் தண்ணீரில் அவர் இன்னும் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சோப்பு பாதியாகக் கரைந்திருந்தது. உள்ளங்கை ரேகைகளில் இருபத்தாறு வருஷத்து எண்ணெய் மின்னியது.

"போகமாட்டேங்குது" என்றார்.

"போகாது. விடுங்க."

அவர் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். இனி நாளைக்கு ஆறு மணிக்கு எங்கே போவது என்று தெரியாத மனிதரின் முதுகு அது. அவள் முட்டையை எடுத்துத் தானே உரிக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அந்த நீளக்கையை உங்க செல்லு வெட்டவே வெட்டாதா?"

அவள் முட்டையைச் சரிபாதியாக அறுத்து ஒரு பாதியை அவர் தட்டில் வைத்தாள்.

"வெட்டும். ரொம்ப நாளாகும். உங்களை மாதிரி."